சல்லடையில் நின்ற கரி

போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழிகள் கூடியபோது ஒரு வேடிக்கை நடந்தது, கவனித்தீர்களா? ஜூஸ் கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் ஒரே குரலில் "ஐஸ் வேண்டாம்" என்றோம். ஒருத்தி கைப்பையிலிருந்து பல் கூச்சத்துக்கான பேஸ்டை எடுத்துப் பெருமையாகக் காட்டினாள். இன்னொருத்தி எலுமிச்சம்பழச் சாறு குடித்தால் கூச்சம் உச்சந்தலை வரை ஏறுகிறது என்றாள். உங்களுக்கெல்லாம் இது நாற்பதுக்கு மேல் வந்து சேர்ந்த தொந்தரவு. எனக்குப் பதினோரு வயதில் வந்தது. அப்போது அது தொந்தரவாக இல்லை, பயமாக இருந்தது. அந்த மார்கழியும் தையும் நான் பயந்த பயத்தை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்களிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எங்கள் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறீர்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் பாவாடை கறுத்துவிடும். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். எங்கள் வீட்டில் அம்மாவும் அத்தையும் ஊதுவத்தி உருட்டினார்கள். கம்பெனி ஆள் கரித்தூள் மூட்டையும் மூங்கில் குச்சியும் கொண்டுவந்து போடுவார். உருட்டிக் காயவைத்த வத்தியை எடுத்துக்கொண்டு போவார். வாசனை சேர்ப்பதெல்லாம் கம்பெனியில்தான். மைசூர் வத்தி மணக்கிறது என்று ஊரே புகழும். எங்கள் வீட்டில் இருந்தது கரி மட்டும். நகத்தில் கரி, காதுக்குள் கரி, தயிர்ச்சோற்றிலும் கரி.

உருட்டுவதற்கு முன் கரியைச் சலிக்க வேண்டும். மாவாக இறங்குவது வத்திக்கு. நறநறவென்று சல்லடையில் நிற்கிற கப்பி எதற்கும் ஆகாது. ஆனால் ஆகாதது என்று ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது. அந்தக் கப்பியைக் கல் உப்போடு சேர்த்து ஒன்றிரண்டாக இடித்து, பழைய வனஸ்பதி டப்பா ஒன்றில் அப்பா போட்டு வைப்பார். டப்பாவின் மேல் ஒரு பனைமரப் படம் இருந்தது. பாதி மரம் துருப்பிடித்துப் போயிருந்தது. அதுதான் எங்கள் பல்பொடி.

அப்பாவுக்கு மொசைக் தரை பாலிஷ் போடுகிற வேலை. கௌதள்ளி கிராமத்தை விட்டு மைசூருக்கு வந்த நாளிலிருந்து அதே வேலைதான். ஊரில் புதிதாக எழும்பிய பங்களாக்களில் எல்லாம் குந்தி உட்கார்ந்து, கல்லை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தரையில் முகம் தெரியும்படி செய்வார். அந்த நியாயத்தை அப்படியே எங்கள் வாய்க்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். கடையிலேயே முரட்டு நார் உள்ள பிரஷ்ஷாகத் தேடி வாங்கிவந்து, காலையில் குழாயடியில் என் பக்கத்தில் நிற்பார்.

"அழுத்து அம்முணி. பூனை நக்கறாப்பல தேய்க்காத. தேய்க்கத் தேய்க்கத்தான் பளபளப்பு."

அம்மா மட்டும் அந்த டப்பாவைத் தொடமாட்டாள். முற்றத்து வேப்பமரத்தில் ஒரு குச்சியை ஒடித்துக் கடித்துக்கொண்டே அடுப்பு வேலையைப் பார்ப்பாள்.

"நாள் பூரா கரிலதான் கெடக்கறன். வாயிலயும் அதையே போடோணுமாக்கும்?" என்பாள்.

அவள் பல் ஒன்றும் ஆகவில்லை. கரும்பை அடிக்கணுவிலிருந்து கடிப்பாள். அதைப் பார்த்து எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இனி அத்தை. அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே அண்ணனோடு மைசூருக்கு வந்து எங்களோடு இருந்தவள். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. வாயில் ஒரு பல் கிடையாது.

நான் பிறப்பதற்கு முன்பே அவளுக்குப் பல் கூச ஆரம்பித்திருக்கிறது. தண்ணீர் குடித்தால் கூசும், காற்றடித்தால் கூசும், பிறகு வலி. மார்க்கெட் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே பல் கட்டுகிற ஆள் ஒருவர் இருந்தார். அப்பா அவளை அங்கே அழைத்துப்போனார். இது கூசுகிற ஜாதிப் பல், ஒவ்வொன்றாகச் சொத்தையாகி விழும், மொத்தமாக எடுத்துவிட்டு செட் கட்டினால் நிம்மதி என்று அந்த ஆள் சொன்னார். அத்தையின் இரண்டு கையையும் அப்பா பிடித்துக்கொண்டார். அந்தக் கதையை அப்பாவே சொல்வார், ஏதோ தைரியமான காரியம் செய்தவர் போல. அதன் பிறகு கொள்ளேகாலிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள். பல் செட் என்று தெரிந்ததும் போனவர்கள் போனவர்கள்தான். அடுத்து யாரும் வரவில்லை.

"எங்க வம்சத்துப் பல்லே அப்படித்தான். எனக்குந்தான் கூசுது. ஆம்பள, தாங்கிக்கறன்" என்பார் அப்பா.

"எங்கூட்டுப் பல்லு கல்லாட்டம்" என்பாள் அம்மா, விட்டுக்கொடுக்காமல்.

"புள்ளைக்கு யாரு பல்லுன்னு போகப்போகத் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் பேசிக்கொள்வார்கள். நான் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

காலையில் அத்தை எழுந்ததும் அவள் முகத்தை நான் பார்க்கமாட்டேன். செட்டை ஜன்னல் ஓரத்தில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பாள். அதை எடுத்து மாட்டும் வரை அவள் கன்னம் உள்ளே ஒட்டி, உதடு மடிந்து, வேறு யாரோ ஒரு கிழவி எங்கள் வீட்டில் நடமாடுவது போல இருக்கும். மாட்டியதும் திரும்ப அத்தை ஆகிவிடுவாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள்.

அந்த மார்கழியில் ஒரு நாள் காலை, தேய்த்து முடித்து வாய் கொப்பளிக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். மைசூர் மார்கழித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடது பக்க மேல் பல்லில் சுரீர் என்று ஒன்று பிடித்து கண் வரை போயிற்று. அப்படியே குனிந்து நின்றேன். வலியைவிட முதலில் வந்தது ஒரு நினைப்பு. வம்சம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து என் வேலை முழுக்க மறைப்பதுதான். தண்ணீரைக் கையில் பிடித்துச் சூடேறும் வரை வைத்திருந்து கொப்பளிப்பேன். பள்ளிக்கூடம் போகும்போது வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விடுவேன். வலது பக்கம் மட்டும் மெல்லுவேன். கேட்டுக்கு வெளியே நீங்கள் எல்லாம் நெல்லிக்காயும் மாங்காயும் உப்பு மிளகாய் தொட்டுத் தின்றபோது வயிற்றுவலி என்று விலகி நின்றது ஞாபகம் இருக்கிறதா? கருமி, பங்குக்குக் காசு போட வலிக்கிறது அவளுக்கு என்றீர்கள். வலி உண்மைதான், வேறிடத்தில்.

எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான், அப்பா சொன்ன மருந்து. பல் கெட்டுப்போகிறது என்றால் சரியாகத் தேய்க்கவில்லை என்று அர்த்தம். அதனால் யாரும் பார்க்காத நேரத்தில் இன்னொரு முறை கப்பியைத் தொட்டு, இடது பக்கத்தை விடாமல் தேய்த்தேன். ஈறில் ரத்தம் வரும். கரியோடு துப்பினால் தெரியாது. தேய்க்கத் தேய்க்கக் கூச்சம் அதிகமாயிற்று. கூச்சம் அதிகமாக ஆக, இன்னும் தேய்த்தேன். நாக்கால் தடவினால் ஈறை ஒட்டிப் பல்லில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. இப்படித்தான் அத்தையின் பல் விழ ஆரம்பித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையிடம் போகவே பயமாகிவிட்டது. அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் வாயைப் பார்த்தால் அடுத்தது என் வாய்தான் என்று தோன்றும். அம்மாவுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

"அத்தைகிட்டப் போறதுக்கு மூஞ்சியச் சுளிக்கறா பாரு. அருவருப்பாமா மகராசிக்கு! எண்ணெய் தேச்சு வளத்தவ அவ."

"உடுங்க அண்ணி. சின்னப் புள்ள" என்றாள் அத்தை. சொல்லிவிட்டுக் குனிந்து வத்தி உருட்டினாள். அதற்குப் பிறகு தலை பின்னும்போது அவளே சற்றுத் தள்ளி உட்கார்ந்து பின்னினாள்.

சங்கராந்தி வந்தது. நாம் பொங்கல் வைப்போம். மைசூர்க்காரர்கள் எள்ளு, வெல்லம், கொப்பரை, கடலை எல்லாம் கலந்து, சர்க்கரையைக் காய்ச்சி அச்சில் ஊற்றிய பொம்மையோடு வீடு வீடாகக் கொடுப்பார்கள். எதிர் வீட்டுக் கன்னட ஆன்ட்டிக்கு என் மேல் தனிப் பிரியம். எனக்கென்று ஒரு சர்க்கரைக் கிளி செய்து கொண்டுவந்தாள். வெள்ளை வெளேரென்று, மூக்குகூட வளைந்து அழகாக இருந்தது.

"தின்னு, தின்னு. நல்லா இருக்கா சொல்லு" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா பின்னாலிருந்து தோளில் கிள்ளினாள். வேறு வழியில்லாமல் கிளியின் வாலைக் கடித்தேன். கெட்டிச் சர்க்கரை உடைந்து அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. "ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி" என்று சொன்னேன், கண்ணில் தண்ணீர் நிற்க. குழந்தைக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது என்று ஆன்ட்டி என் கன்னத்தைத் தட்டினாள், சரியாக அந்த இடது கன்னத்தை.

உருட்டுகிற பலகையின் முன்னாலிருந்து அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயந்திரம் நான் தனியாக இருந்தபோது பக்கத்தில் வந்தாள்.

"பல்லு கூசுதா கண்ணு?"

"இல்ல! ஒண்ணுமில்ல!" என்று கத்தினேன். கத்தும்போது உள்ளே போன காற்றிலேயே கூசிற்று. அத்தை மறுபடி கேட்கவில்லை. அண்ணனிடம் போய்ச் சொல்லிவிடுவாள், மாடிப்படி ஆளிடம் என்னைக் கொண்டுபோவார்கள் என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

நான் மாட்டிக்கொண்டது பள்ளிக்கூடத்தில். பல் காலேஜிலிருந்து வெள்ளைக் கோட்டுக்காரர்கள் வந்து வராந்தாவில் பெஞ்சு போட்டு நம் எல்லோர் வாயையும் பார்த்தார்களே, அன்றைக்கு. வந்திருந்த பையன்களைப் பார்த்து நீங்கள் முழங்கையால் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் வரிசையின் கடைசிக்குப் போய்க்கொண்டே இருந்தேன். கடைசி ஆளும் ஒரு சமயம் முதல் ஆளாகத்தானே வேண்டும்? ஒருவர் ரப்பர் பந்து போல ஒன்றை அமுக்கி என் பல்லின் மேல் காற்றை ஊதினார். நான் போட்ட அலறலில் ஹெட்மாஸ்டர் ரூமிலிருந்து வெளியே வந்துவிட்டார். நீங்கள் சிரித்தீர்கள். இப்போது கோபமில்லை, சும்மா சொல்லிக்காட்டுகிறேன்.

அவர்களோடு வந்திருந்த டாக்டரம்மா என் வாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு டீச்சரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். நாளைக்கு வீட்டில் பெரியவர்களோடு பல் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டும் என்றார் டீச்சர். அப்பாவிடம் சொல்ல ஆளும் அனுப்பிவிட்டார்.

அப்பா செய்தியைக் கேட்டுவிட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இவளுக்குப் பதினேழுல வந்துச்சு. புள்ளைக்குப் பதினொண்ணுலயே வந்துருச்சு" என்றார்.

"பொட்டப் புள்ளைங்க. நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நானும் வாறன்" என்றாள் அத்தை.

"நீ எதுக்கு?"

"வாறன்னா வாறன்."

எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு கையை அப்பா பிடிக்க வேண்டும், இன்னொரு கையை அத்தை பிடிக்க வேண்டும். பஸ்ஸில் அத்தை என் மணிக்கட்டை விடவே இல்லை. கரி ஏறிய அவள் விரல்கள் என் எலும்பில் பதிந்தன. நான் ஓடிவிடக் கூடாது என்றுதான் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, நாக்கை ஓட்டி ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது எதுவும் இருக்காது அல்லவா.

ஆஸ்பத்திரி நாற்காலியில் என்னைச் சாய்த்தார்கள். அதே டாக்டரம்மாதான். கன்னடத்தில்தான் பேசினார், தமிழும் கொஞ்சம் கலந்து. சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார், எதில் பல் தேய்க்கிறீர்கள் என்று.

அப்பா நிமிர்ந்து நின்றார். "பேஸ்ட்டெல்லாம் கெடையாதுங்க. கரியும் கல்லுப்பும். தெனம் நானே பக்கத்துல நின்னு தேய்க்க வெக்கறனுங்க."

"என்ன கரி?"

"வத்திக் கரிங்க. சலிச்சது போக மேல நிக்கற கப்பி."

டாக்டரம்மா கண்ணாடியைக் கீழே வைத்தார். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். பல்லுக்கு மேலே கெட்டியாக ஒரு தோல் உண்டு. ஈறுக்குப் பக்கத்தில் அது ரொம்ப மெல்லியது. அது தேய்ந்துபோனால் உள்ளே இருக்கிற உயிர் சூட்டையும் குளிரையும் புளிப்பையும் நேராக வாங்கும். "நீங்க தரைக்குப் போடற கல்லைப் புள்ள பல்லுக்குப் போட்டிருக்கீங்க" என்றார்.

"அப்ப வம்சம்?" என்றார் அப்பா.

"வம்சம் ஒண்ணும் இல்ல. கரிதான்."

அப்பா தொழில்காரர். அவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. "கல்லுப் போட்டு எறங்குன தரை திரும்ப ஏறாதுங்களே" என்றார்.

ஏறாது, ஆனால் மேலும் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. பள்ளத்தை அடைத்துவிடுகிறேன். மெத்தென்ற பிரஷ் வாங்குங்கள். கூச்சத்துக்கென்று இருக்கிற பேஸ்டை வைத்து, அழுத்தாமல், தூசி தட்டுகிற மாதிரி தேய்க்கட்டும். புளிப்புத் தின்றதும் உடனே தேய்க்க வேண்டாம், வாய் கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போகட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள்.

"பிடுங்க மாட்டீங்களா?" என்று நான் கேட்டேன். அந்த நாற்காலியில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"எதுக்குப் பிடுங்கணும்? எல்லாம் கெட்டியா இருக்கே" என்று சிரித்தார்.

அழுதேன். அப்போதுதான் அத்தை ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அப்ப எனக்கும் வேண்டாமுங்களா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அத்தை வாய்க்குள் கைவிட்டு செட்டைக் கழற்றி, கரி ஏறிய உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். வெளி ஆள் முன்னால் அவள் அதைக் கழற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "எனக்கும் இதேதானுங்க. கூசிச்சு. இதே கரிதானுங்க. எல்லாத்தையும் எடுத்துப்போட்டாங்க" என்றாள். பல் இல்லாத வாயில் வார்த்தை குழறியது.

"அப்போ உங்க பல் எப்படி இருந்துச்சோ, நான் பாக்கலையேம்மா" என்றார் டாக்டரம்மா. அது பதில் இல்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். அதுவும் மொசைக் தரைதான்.

பஸ் ஸ்டாப்பில் அப்பா எங்களை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அத்தை என்னைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அவங்க பிடுங்கறேன்னு சொல்லியிருந்தா உன்னையத் தூக்கிட்டு ஓடியாந்திருப்பேன். அதுக்குத்தான் கூட வந்தன்" என்றாள். "கூசுதுன்னு அன்னைக்கே ஏன் கண்ணு சொல்லல?"

நான் அவள் வாயைப் பார்த்தேன். அதற்குள் செட்டை மாட்டியிருந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"என்ற வாயைப் பாத்துத்தான் பயந்தியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? அவள் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அருவருப்புன்னு நெனச்சுட்டன்" என்றாள். அவ்வளவுதான். பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தப் பனைமர டப்பாவை அப்படியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். மறுநாளிலிருந்து மெத்தென்ற பிரஷ்ஷோடு குழாயடியில் நின்று, "மெதுவா அம்முணி, மெதுவா" என்றார். வம்சம் என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. தங்கையின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவும் அவருக்கு வெகுகாலம் ஆயிற்று. அவள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஜன்னல் ஓரத்து டம்ளரையும் அன்றோடு காணோம். அத்தை என் எதிரே செட்டைக் கழற்றுவதையே விட்டுவிட்டாள். தூங்கும்போதும் மாட்டிக்கொண்டே தூங்கினாள். ஈறு புண்ணாகும், கழற்றி வையுங்கள் என்று நான் வளர்ந்த பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "பழகிப்போச்சு கண்ணு" என்பாள்.

போன வருஷம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அதுதான் கடைசி. மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டும், பல் செட்டைக் கழற்றிவிடுங்கள் என்று நர்ஸ் சொன்னார். அத்தைக்குக் கை தூக்கவே தெம்பு இல்லை. ஆனாலும் சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீ அக்கட்டால திரும்பிக்கோ கண்ணு. பயந்துக்குவே."

எனக்கு அப்போது தலை பாதி நரைத்துவிட்டது. நான் திரும்பவில்லை. தலைப்பை விலக்கி, நானே கழற்றினேன்.